வெள்ளணு குறைந்த மாதத்தில் வந்தவர்கள்

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். பஸ் கிடைக்கவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, முழங்கால் வலி என்று எதையாவது சொன்னால் நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஒருவர் நோயில் படுத்திருக்கிறார் என்று தெரிந்தும் போய்ப் பார்க்காமல் இருந்தால் அது தலைமுறைக்கும் தீராத குற்றம். "உங்க தாத்தா ஆபரேசன் பண்ணிக் கெடந்தப்ப அவன் எட்டிப் பாத்தானா?" என்று, தாத்தா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆன பிறகும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், கொஞ்சம் ஆப்பிள், ஒரு பாக்கெட் ரொட்டி. கட்டில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மெலிஞ்சிட்டியே" என்று ஒரு வார்த்தை. அத்தோடு கடமை முடிந்தது. அதற்கு முன்னால் செய்தது, செய்யாதது எல்லாவற்றுக்கும் சேர்த்தே முடிந்துவிடும் என்பதுதான் இந்த வழக்கத்தின் வசதி.

என் அக்கா கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து நான் ஒருத்திதான் போனேன், அதுவும் காலேஜுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு. அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியாராக இருந்தவரைக் கட்டிக்கொண்டாள். பாளையங்கோட்டைக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எங்கள் வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலி டவுனில். அப்பா தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் திருநீறு பூசாமல் பேப்பரைக்கூடத் தொடமாட்டார். அம்மா நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே இறந்துவிட்டதால் எங்கள் இரண்டு பேருக்கும் அப்பாதான் எல்லாம். அக்கா விஷயம் தெரிந்தபோது அவர் சத்தம் போடவில்லை, கையை ஓங்கவில்லை. "அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. சத்தம் போடுகிறவர்களிடம் திரும்பச் சத்தம் போடலாம்.

டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் இருப்பது தாமிரபரணியும் ஒரு பாலமும்தான். கண் டாக்டரைப் பார்க்க, பென்ஷன் விஷயமாக, தெரிந்தவர் வீட்டுப் பூணூல் கல்யாணத்துக்கு என்று அப்பா மாதம் ஒரு தடவையாவது பாலத்தைத் தாண்டுவார். அக்கா வீட்டுத் தெருப்பக்கம் மட்டும் தலையைத் திருப்பமாட்டார். அக்காவுக்கு வேண்டியிருந்ததோ ஒன்றே ஒன்று. அப்பா அவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்க வேண்டும். புது வீட்டுக்குக் குடிபோனபோது அதைச் சொன்னாள். பையன் பிறந்தபோது சொன்னாள். நோய் வந்த பிறகும் அதையேதான் சொன்னாள்.

நோய் வந்தது பல் துலக்கும்போது. ஈறில் ரத்தம் நிற்கவில்லை. தொடையில் இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லாத இடத்தில் நீலமாகக் கன்றியிருந்தது. காய்ச்சல் வந்தது, போகவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் அத்தானை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவர் வெளியே வந்து என்னிடம், "ஒனக்குத்தான் இதெல்லாம் புரியும், நீயே பாரு" என்று காகிதத்தை நீட்டினார். நான் அப்போது மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். புரிந்தது. ரத்தப் புற்றுநோய், அதிலும் வேகமாகப் பரவுகிற வகை.

முதல் கீமோவில் அக்காவின் முடி போனது, நாக்கில் ருசி போனது, நோயும் பெரும்பாலும் போனது. பெரும்பாலும் என்பதுதான் சிக்கல். எலும்பு மஜ்ஜையை நுணுக்கமாகச் சோதித்ததில் கொஞ்சம் மிச்சம் இருப்பது தெரிந்தது. டாக்டர் எங்கள் வயதைவிடச் சற்றே கூடிய பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசுவார்.

"கீமோவை மட்டும் கூட்டிக்கிட்டே போனா, அந்த மிச்சம் சாகுறதுக்கு முன்னாடி இவங்க உடம்பு விழுந்துடும். அதனால கீமோவைக் குறைச்சுக் குடுத்து, கூடவே உடம்போட எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடுற மருந்தையும் குடுக்கப் போறோம். மிச்சம் இல்லாமப் போயிட்டா, தங்கச்சியோட மஜ்ஜையை இவங்களுக்கு மாத்தி வைக்கலாம். பொருந்திடுச்சு இல்லையா?"

பொருந்தியிருந்தது, முழுசாக. மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டத்தில் அக்காவைச் சேர்க்கவும் அவரே ஏற்பாடு செய்தார்.

இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு எனக்குள் ஒரு துள்ளல் இருந்தது. பாடத்தில் வெறும் படமாகப் பார்த்தது என் அக்காவின் உடம்பில் நடக்கப்போகிறது! ஆஸ்பத்திரி கேண்டீன் மேசையில், இரண்டு டம்ளரையும் ஒரு கரண்டியையும் வைத்து அவளுக்கு விளக்கினேன். நம் ரத்தத்தில் கொல்லத் தெரிந்த ஒரு வகை வெள்ளணு உண்டு. நோய் பிடித்த அணு அதன் பக்கத்திலேயே திரியும், ஆனால் இதற்கு அடையாளம் தெரியாது. இந்த மருந்துக்கு இரண்டு கை. ஒரு கையால் நோய் அணுவைப் பிடிக்கும், மறு கையால் வெள்ளணுவைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தும். கரண்டியின் இரண்டு முனையிலும் டம்ளரை முட்டிக் காட்டினேன்.

அக்கா கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப சேரக்கூடாத ரெண்டு பேரப் பிடிச்சுச் சேத்து வைக்கிற மருந்து" என்றாள்.

"அப்படித்தான்னு வச்சுக்கயேன்."

"ஏட்டி, கலப்புக் கல்யாணமா?"

"கல்யாணம் இல்லக்கா. சேந்த ஒடனே ஒண்ணு ஒண்ணக் கொன்னுரும்."

"அதத்தான சொல்லுதேன். நம்ம ஊர நல்லாத் தெரிஞ்ச மருந்துதான்."

நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை.

மருந்து ஒரு நாளில் போடுகிற ஊசி இல்லை. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பம்ப், தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பை, அதிலிருந்து நெஞ்சுக்குள் போகிற குழாய். ஒரு மாதத்துக்குக் கிட்ட, இரவு பகல் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆரம்ப நாள்களில் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். நடுங்க நடுங்கக் காய்ச்சல் வந்தது. உள்ளே சண்டை தொடங்கிவிட்டது என்று அர்த்தம் என்பதால் ஜுரம் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். அந்த மருந்து சில பேருக்கு மூளையைக் குழப்பும், கை எழுத்துக் கோணும் என்பதால், நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். அக்கா தமிழ் டீச்சர். "என் தங்கைக்கு மூளை அதிகம், அறிவு குறைவு" என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள். நர்ஸ் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "நார்மல்" என்றார்.

காய்ச்சல் அடங்கியதும் பம்போடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்துப் பையை மாற்ற மட்டும் அவ்வப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் டவுன் வீட்டை விட்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டேன். பையனை அத்தானின் அம்மா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்ன ஒன்று: யாரையும் உள்ளே விடாதே. கீமோவால் மற்ற வெள்ளணுக்கள் எல்லாம் அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடக்கும். சாதாரணச் சளிகூட நெஞ்சுக்குள் இறங்கினால் ஆளைக் கொண்டுபோய்விடும். நான் தலையை ஆட்டினேன். இதில் என்ன கஷ்டம், இத்தனை வருஷமாக எங்கள் ஆட்கள் யாரும் வந்ததே இல்லையே என்றுதான் நினைத்தேன்.

பெரியப்பாவை மறந்துவிட்டேன்.

அப்பாவின் அண்ணன். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோப்பு வைத்திருக்கிறார். ஹைஸ்கூலில் அறிவியல் எடுத்து ஹெட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்துக்கு அப்புறம் உலகத்தில் எவனும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவர் நம்பிக்கை. எங்கள் வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை எழுதிக் கொடுத்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் விழுங்குவார்கள். அவர் எனக்குப் போன் போட்டு, "என்னட்டி மருந்து குடுக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன், கொஞ்சம் உற்சாகமாகவே. கேட்டு முடித்து, "ம், இம்யூனிட்டி" என்றார். அன்று சாயங்காலம் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது. இறையருளால் நம் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நவீன ஊசி செலுத்தப்பட்டு வருகிறது, ஆகவே தொற்று பற்றிய அச்சம் நீங்கியது, நேரில் சென்று நலம் விசாரிக்க விரும்புவோர் விசாரிக்கலாம். கீழே ஒரு ரோஜாப்பூ.

நான் பதறிப்போய்ப் பெரிய பதில் எழுதினேன். அந்த மருந்து தூண்டுவது ஒரே ஒரு வகை அணுவை மட்டும்தான், மற்றபடி அவளுக்கு இப்போது எதிர்ப்புச் சக்தியே கிடையாது, கீமோவும் சேர்ந்து நடக்கிறது, தயவுசெய்து யாரும் வர வேண்டாம் என்று. எல்லாரும் கும்பிடு போட்டார்கள். ஒரு சித்தி, நிலவேம்புக் கஷாயமும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டாள். என் பதிலை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் சொன்ன பிறகு எம்.எஸ்ஸி. படிக்கிற பெண் சொல்வதை எதற்குப் படிக்க வேண்டும்?

கல்யாணத்துக்கு வராதவர்கள் கீமோவுக்கு வந்தார்கள்.

முதலில் வந்தது அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, மருமகளோடு. நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு கேட்டுக்கு உள்பக்கம் நின்றேன்.

"என்னட்டி, வாயக் கட்டிக்கிட்டு வாசல மறிச்சு நிக்க? வழிய விடு."

"அத்த, உள்ள வரக்கூடாது. டாக்டர் சொல்லிருக்காவ."

"நாங்க என்ன தொத்து வியாதியா சொமந்துக்கிட்டு வாறோம்? காலையில தலைக்கு ஊத்திட்டு, கோயிலுக்குப் போயிட்டுச் சுத்தமால்லா வாறோம்."

"கோயில்ல கூட்டமா?"

"வெள்ளிக்கெழம கூட்டம் இல்லாம இருக்குமா? கேக்கா பாரு கேள்வி."

"அதான் அத்த விசயம்."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கமாகப் போனாள். அக்காவின் கட்டில் அங்கேதான். கண்ணாடிக் கதவை நான் ஏற்கெனவே மூடி வைத்திருந்தேன். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஏட்டி, மெலிஞ்சிட்டியேட்டி!" என்று கத்தினாள். உள்ளே அக்கா எழுந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டினாள். மொட்டைத் தலையைத் தடவிக் காட்டி ஏதோ ஜாடை செய்தாள். அத்தை அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே ஹார்லிக்ஸை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

அவர்கள் போன பிறகு அக்கா, "என்னய ‘ஏட்டி’ன்னு கூப்புட்டாளே, கேட்டியா?" என்று என்னிடம் கேட்டாள். வீட்டுப் பிள்ளையைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். அன்று முழுக்க அதையே சொன்னாள். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அதன் பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். ஜன்னல் வழக்கமாகிவிட்டது. அத்தானின் அம்மா அவர்கள் சர்ச் ஜெபக்குழுவைத் தெருவிலேயே நிறுத்தி, "இங்கன நின்னே ஜெபம் பண்ணுங்க, ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும்" என்று சொல்லிவிட்டார். ஒரே சமயத்தில் ஜெபக்குழுவும் எங்கள் சித்திகளும் ஜன்னல் முன்னால் நின்ற நாள் ஒன்று உண்டு. இரண்டு பக்கத்தாரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு நின்றார்கள். கல்யாண மண்டபத்தில் நடந்திருக்க வேண்டியது.

அக்கா ஒவ்வொருவராக வந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மதியம், "அப்பா வந்தா உள்ள விட்டுருவியா?" என்று கேட்டாள்.

"வரட்டும், பாப்போம்."

"பாப்போம்னா என்ன அர்த்தம்? நேராச் சொல்லு. ஜன்னல்ல நிக்க வைக்காத. அவிய நிக்க மாட்டாவ. உள்ள வரணும், அந்தச் சேர்ல உக்காரணும். நான் மூஞ்ச மூடிக்கிடுதேன், தூரமா இருந்துக்கிடுதேன். அஞ்சு நிமிசம்."

"காய்ச்சல், சளி, தடுமம் ஒண்ணும் இல்லன்னா விடுதேன். கவசம் போட்டுக்கிடணும், கை கழுவணும்" என்றேன்.

"அது போதும்ட்டி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "ம்" என்றார். மேலே பேசினால் வைத்துவிடுவார் என்று நானே வைத்துவிட்டேன். அவர் வந்தது என் போனுக்காக இல்லை என்பது என் எண்ணம். சொந்தம் முழுக்க வந்து போய்விட்டது. இனி வராமல் இருந்தால் பேச்சு அவர்மேல் திரும்பும். பெரியப்பா அவரைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். அல்லது மகள்மேல் ஆசைப்பட்டேதான் வந்தாரோ என்னவோ. நான் அவர் பெற்ற மகள்தான், ஆனால் அவர் மனசைப் படிக்க எந்தக் காலேஜிலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர் வந்ததற்கு முந்தின நாள்தான் ரத்தப் பரிசோதனை வந்திருந்தது. வெள்ளணு அதுவரை இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. இந்த வாரம்தான் கண்டம், தாண்டிவிட்டால் ஏறும் என்று டாக்டர் போனில் சொன்னார்.

காலை வேளை. அத்தான் பள்ளிக்கூடம் போயிருந்தார். வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் முதலில் பெரியப்பா இறங்கினார், பின்னால் அப்பா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு துணிப்பை. அந்தத் தெருவில் அப்பா நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. என்னையும் மீறி, "அக்கா, அப்பா!" என்று கத்திவிட்டேன்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல், "ஏட்டி, மொதல்ல பால அடுப்புல வையி!"

வைத்துவிட்டுத்தான் வாசலுக்கு ஓடினேன். அப்பா கேட்டுக்கு வெளியே நின்று தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"வாங்கப்பா. ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல" என்றார். குரல் கட்டியிருந்தது. உடனே ஒரு தும்மல்.

"நாலு நாளாத் தடுமம். மழையில நனைஞ்சிட்டான்" என்றார் பெரியப்பா. "கேட்டத் தொறட்டி."

கேட்டின் கொண்டியில் என் கை இருந்தது. திறக்கவில்லை.

"பெரியப்பா, தடுமம் இருந்தா உள்ள விட முடியாது. நேத்துதான் டாக்டர்…"

"எதிர்ப்புச் சக்திக்குத்தான ஊசி போடுதாங்க? ராத்திரி பகலா ஏத்திக்கிட்டுல்லா இருக்காங்க! அதுக்கப்புறம் தடுமம் அவள என்ன செய்யும்? சொல்லு பாப்போம்."

"அது நோயக் கொல்லுத ஒரு வக அணுவ மட்டுந்தான் ஏவிவிடுது. தடுமத்த எதுக்க அவ ஒடம்புல இப்ப ஆளே கெடையாது. கீமோ எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு."

"எனக்கு சயின்ஸ் சொல்லித் தாறியா நீ? எத்தன பேட்ச் புள்ளைகளுக்கு ரத்த ஓட்டம் நடத்திருக்கேன் தெரியுமா?"

"நீங்க நடத்தினப்ப இந்த மருந்து இல்ல பெரியப்பா."

"வாய் நீளுது" என்றார் அவர், அப்பாவைப் பார்த்து. ஆட்டோக்காரரிடம், "கொஞ்சம் நில்லும்வே, வெயிட்டிங் போட்டுக்கிடும்" என்றார்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன். "அப்பா, இப்படி ஜன்னல் பக்கமா வாங்க. கண்ணாடி மூடியிருக்கு. அக்கா அங்கன வந்து நிப்பா. பேசலாம், நல்லாக் கேக்கும். அத்த, சித்தி எல்லாரும் அப்படித்தான் பாத்தாவ."

"ஜெயில்ல மனுப் போட்டுப் பாக்க மாதிரியா?"

"அப்பா…"

"விட மாட்டியா?"

"இன்னைக்கு விட மாட்டேன். தடுமம் சரியானதும் வாங்க. நானே வந்து கூட்டிட்டு வாறேன்."

"இங்கன வாறதுக்கு நான்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வந்தது தும்மலா, வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், எடுத்தார். முகம் பழையபடி ஆகிவிட்டிருந்தது.

"சரி. வந்துட்டேன்னு சொல்லிரு."

திரும்பி ஆட்டோவில் ஏறினார். துணிப்பையையும் கொண்டுபோய்விட்டார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. பெரியப்பா ஏறும்போது, "பெத்த தகப்பனுக்கு வாசல்ல மரியாதை" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். அக்கா வந்துவிட்டிருந்தாள். தலையில் நல்ல துப்பட்டாவாகப் பார்த்துச் சுற்றியிருந்தாள், அதற்குத்தான் நேரம் ஆகியிருக்கிறது. தோளில் பம்ப் பை. ஆட்டோவின் பின்பக்கத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினாள். இரண்டு தடவை, பலமாக. ஆட்டோ இன்னும் திரும்பியிருக்கவில்லை. அப்பாவுக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் வந்த அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ செஞ்சதுதான் சரி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதை அவள் காதில் விழச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஊருக்குள் வேறு கதை ஓடியது. பெற்ற தகப்பன் பிடிவாதத்தை எல்லாம் விட்டுவிட்டு, உடம்பு சரியில்லாமல் இருந்தும், மகளைப் பார்க்க அவள் வீட்டு வாசல்வரை போயிருக்கிறார். படித்த திமிரில் சின்னவள் கதவைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு வராதது, பேரனைத் தொட்டுப் பார்க்காதது, தெருப்பக்கம் திரும்பாதது எல்லாம் அந்த ஒரு காலையில் கழுவிவிடப்பட்டது. நியாயம் ஆற்றைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போய்விட்டது. பெரியப்பா வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியேறினார். எல்லாரும் கெஞ்சியதும் திரும்பச் சேர்ந்தார். ஜன்னலுக்கு ஆட்கள் வருவதும் நின்றுபோனது.

மருந்துப் பை மாற்றப் போனபோது நர்ஸ் வழக்கம்போலத் தாளை நீட்டினார். அதுவரை என்னைக் கேலி செய்தே எழுதிக்கொண்டிருந்தவள், அன்று "அப்பா வந்தார். தங்கை விடவில்லை" என்று எழுதினாள். ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. நர்ஸ் பார்த்துவிட்டு, "நார்மல்" என்றார்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்தால் வந்த காய்ச்சல் இல்லை, கிருமி. ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஆண்டிபயாடிக் மேல் ஆண்டிபயாடிக் ஏறியது. யாருமே உள்ளே வராத வீட்டில் எங்கிருந்து வந்தது என்று அத்தான் கேட்டார். அவங்க வாயிலயே, குடல்லயே இருக்கிற கிருமிதான், எதிர்க்க ஆள் இல்லாதப்போ ரத்தத்துக்குள்ள இறங்கிடும் என்றார் டாக்டர். கட்டிலில் இருந்த அக்கா, அப்பாவை விட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இருந்தது. வெளியே வந்து டாக்டரிடம் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளவும் செய்தேன்: "இதுகூட அப்பாவோட சளியும் சேந்திருந்தா?" டாக்டர் யோசிக்கவே இல்லை. "தாங்கியிருக்க மாட்டாங்க" என்றார். உள்ளே போய் அக்காவிடம் அதைச் சொல்ல நினைத்தேன். ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். அந்த முகத்திடம் ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

தப்பித்தாள். வெள்ளணு ஏறியது. அந்த மாதம் முடிந்து மஜ்ஜையைச் சோதித்தபோது மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மருந்தின் இரண்டு கையும் சொன்ன வேலையைச் செய்து முடித்துவிட்டன. சென்னையில் மாற்றுச் சிகிச்சை நடந்தது. கையில் ஊசி குத்தி என் ரத்தத்தை ஒரு மிஷினுக்குள் ஓடவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பினார்கள். எடுத்தது தக்காளி ரசம் மாதிரி ஒரு சின்னப் பையில் இருந்தது. அது அவளுக்குள் இறங்கியபோது நான் பக்கத்து அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். இதைக் கேள்விப்பட்ட பெரியப்பா குழுவில், "இனி அவள் உடம்பில் ஓடுவது முழுக்க நம் ரத்தம்" என்று எழுதினார். அதற்கு முன்னால் என்ன ஓடியது என்று கேட்க விரல் துடித்தது. கேட்கவில்லை, அத்தான் அந்தக் குழுவில் இல்லை, அவர் கண்ணில் படாது என்பதால்.

நான் டவுன் வீட்டுக்குத் திரும்பி, அப்பாவோடேயே இருக்கிறேன். கதவைத் திறந்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார். நான் எதையும் கிளறவில்லை. அவரும் கிளறவில்லை. அக்காவுக்கு உடம்பு தேறித் தேறி, கைக்குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பூசிகளை எல்லாம் மறுபடி முதலிலிருந்து போட்டு முடித்தார்கள். புதிதாக முளைத்த எதிர்ப்புச் சக்திக்குப் பழைய ஊசி ஒன்றும் ஞாபகம் இருக்காது. அதற்கப்புறம் டாக்டர், இனி யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கவசம்கூட வேண்டாம் என்றார்.

மறுநாள் மத்தியானம், அப்பா சாப்பிட்டு எழுந்து ஈஸிசேரில் பேப்பரோடு சாய்ந்திருந்தபோது சொன்னேன்.

"அப்பா, அக்காவ இனிமே யாரு வேணும்னாலும் போய்ப் பாக்கலாமாம். டாக்டர் சொல்லிட்டாவ. சாயங்காலம் போவமா? நானும் வாறேன்."

அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை.

"நாந்தான் ஒரு தடவ போயிட்டு வந்துட்டேனே" என்றார்.

கோபம் இல்லை, குத்தல் இல்லை. மின்சார பில் கட்டியாயிற்றா என்று கேட்டால் சொல்வாரே, அந்தக் குரல். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

சாயங்காலம் நான் மட்டும் பாலத்தைத் தாண்டிப் போனேன். அக்காவுக்குத் தலையில் சுருட்டை சுருட்டையாகப் புது முடி வந்திருக்கிறது. பையனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று என் தோளுக்கு மேலே ஒரு தடவை பார்த்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். முழங்கால் வலி, வெயில். எனக்குச் சட்டென்று பொய் வராது. "நாந்தான் ஒரு தடவ வந்துட்டேனேங்காவ" என்றேன். கூடவே என் ஆத்திரத்தையும் சேர்த்தேன். "இதெல்லாம் ஒரு பதிலாக்கா? வாசல்ல நின்னு ஒரு தும்மல் தும்மிட்டுப் போனதுக்குப் பேரு வந்ததா? ஜன்னல் வரைக்கும் வாறதுக்கு என்ன வலிச்சுது? நான் அன்னைக்கு விட்டிருந்தேன்னா நீ இங்கன உக்காந்திருக்க மாட்ட. டாக்டரே சொன்னாவ."

அக்கா பையனின் நோட்டை மூடி வைத்தாள். கோபப்படுவாள், அழுவாள், அப்பாவைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்ட்டி, நீ விட்டிருந்தா நான் செத்துருப்பேன்" என்றாள். "ஆனா அவிய சொல்லுததுல என்ன தப்பு? வந்தாவல்லா. பொய்யா சொல்லுதாவ?"